பாமினியில் தட்டிய தேவைகள்

பாலையூற்றில் ஒரு நீர்த்தாங்கிக்குத் தானியங்கி எச்சரிக்கைக் கருவி பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே எழுதிவைப்பார்கள். நீர்மட்டம் ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கினால் மணி ஒலிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கருவி எட்டு மணித்தியாலம் மின்கலத்தில் இயங்க வேண்டும். காவலரின் கைபேசிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் குறுஞ்செய்தி போக வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு தேவை. இவ்வளவு சின்னக் கருவிக்கே பல பக்கம் எழுத நேரும். விமானத்துக்கும் ரயில் சமிக்ஞைக்கும் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும்.

இவற்றைக் கட்டிக்காக்கவே தேவை மேலாண்மை மென்பொருள்கள் வந்தன. அவற்றில் நன்கு அறியப்பட்ட டோர்ஸ், 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவாகி, 2008இல் ஐபிஎம் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதில் ஒவ்வொரு தேவையும் தனி உருப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர எண். அந்த எண்ணைப் பிடித்து, இன்ன தேவைக்காக இன்ன வடிவமைப்பு, அதை உறுதிசெய்ய இன்ன சோதனை என்று இணைப்புப் போடலாம். 1999இல் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அழிந்ததற்கு இந்தத் தொடர்பு அறுந்ததும் ஒரு காரணம். உந்துவிசைக் கணக்கை மெட்ரிக் அலகில் தர வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. தரையிலிருந்த மென்பொருள் இறாத்தல் அலகில் தந்தது. ஆவணத்தோடு ஒப்பிட்டு அதை யாரும் தடுத்து நிறுத்தவில்லை.

ஆனால் தேவைகள் பெரும்பாலும் மென்பொருளுக்குள் பிறப்பதில்லை. மின்னஞ்சலிலும் வேர்ட் கோப்பிலும் கூட்டக் குறிப்பிலும் பிறக்கின்றன. அவற்றை வெறும் எழுத்துக் கோப்பாக்கி உள்ளே இறக்குமதி செய்வதுதான் ஆகப் பழைய வழி. வெறும் எழுத்துக் கோப்பில் எழுத்தும் இடைவெளியும் வரி முறிவும் மட்டுமே உண்டு. தடித்த எழுத்து, தலைப்பு, அட்டவணை எதுவும் இல்லை. எனவே எங்கே ஒரு தேவை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை மென்பொருள் வரி முறிவையோ வெற்று வரியையோ வைத்துத்தான் முடிவுசெய்யும்.

தமிழில் எழுதுவோர் மிகக் கவனிக்க வேண்டிய இடம் இது. மின்னஞ்சலிலிருந்து எடுத்த கோப்பில் வரிகள் பாதியில் முறிந்திருக்கும். வரிக்கு ஓர் உருப்படி என்று இறக்குமதி செய்தால் ‘மின்சாரம் நின்றால்’ ஓர் உருப்படியாகவும், ‘கருவி எட்டு மணித்தியாலம் மின்கலத்தில் இயங்க வேண்டும்’ இன்னோர் உருப்படியாகவும் பிரிந்துவிடும். நம் வாக்கியத்தில் நிபந்தனை முன்னே வரும், வினை கடைசியில் வரும். அதனால் பின்பாதி, முழுமையான தேவை போலவே நிற்கிறது. படிப்பவருக்குச் சந்தேகமே வராது. அதை நம்பி ஒருவர், மின்சாரம் இருக்கும்போதும் மின்கலத்தில் ஓடும் கருவியை வடிவமைத்துவிடலாம். ஆங்கிலத்தில் நிபந்தனையைப் பின்னால் எழுதியிருந்தால், வெட்டுப்பட்ட துண்டு அந்தரத்தில் தொங்கிக் கண்ணில் படும். தமிழ்ப் பட்டியலுக்கு வெற்று வரியை எல்லையாகக் கொள்வதே பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது எழுத்துரு. யுனிக்கோட் தமிழை இலங்கை 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரமாக ஏற்றது. ஆனாலும் பாமினியில் தட்டிய கோப்புகள் நம்மிடையே ஏராளம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு. வெறும் எழுத்தாக்கும்போது எழுத்துருத் தகவல் போய்விடும். அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துகள் பொருளற்ற குவியலாக வெளிவரும். பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் அலகுக் குறியீடுகளும் கலந்திருந்தால், எது ஆங்கிலம், எது பாமினி என்று அப்போது பிரித்தறிய வழி இருக்காது. எழுத்துரு மாற்றும் மென்பொருள் இரண்டையும் தமிழாக்கிவிடும். ஆகவே எழுத்துரு இன்னும் ஒட்டியிருக்கும் வேர்ட் கோப்பிலேயே யுனிக்கோடுக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு யுடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து அதை மீட்கவே முடியாது.

வேர்ட் தானாகப் போட்ட 3.2.1 போன்ற இலக்கங்களும் தேவையின் வாசகத்துக்குள் எழுத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை முன்கூட்டியே நீக்கலாம், அல்லது பழைய எண் என்று தனிப் புலத்தில் வைக்கலாம்.

திருத்திய பட்டியல் வந்ததும் பலர் செய்வது, கோப்பை மறுபடி முழுதாக இறக்குவது. வெறும் எழுத்தில் உருப்படியின் நிரந்தர எண் இல்லாததால் பழையதும் புதியதும் ஒன்று என்று மென்பொருளுக்குத் தெரியாது. எல்லாமே இரட்டிக்கும்; சோதனை இணைப்புகள் பழைய வாசகத்திலேயே தங்கிவிடும். முதல் தடவைக்கு மட்டும் எழுத்துக் கோப்பு போதும். அதன்பின் எண்ணோடு கூடிய அட்டவணைக் கோப்பையோ, இத்தகைய மென்பொருள்களுக்கிடையே தேவைகளைப் பரிமாற உருவான ரெக்இஃப் வடிவத்தையோ பயன்படுத்தலாம். இறக்கி முடித்ததும் கோப்பிலுள்ள பத்திகளையும் மென்பொருளிலுள்ள உருப்படிகளையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், இணைப்பு எதுவும் போடுமுன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப இறக்குங்கள்.