கஞ்சா: சூடு செய்யும் வேலை
பேசாலை, தலைமன்னார்ப் பக்கம் கேரள கஞ்சா பிடிபட்ட செய்திகளை எழுதும்போதெல்லாம், "தின்றால் ஆபத்தில்லைதானே?" என்று என்னிடம் யாராவது கேட்பார்கள்.

பச்சை இலையில் பெரும்பாலும் இருப்பது டிஎச்சிஏ என்ற அமிலம். அது போதை தராது. சூடு பட்டால் கரியமிலவாயு பிரிந்து, போதை தரும் டிஎச்சி ஆகிறது. பற்றவைத்தால் நொடியில் நடப்பது, 110 பாகை செல்சியஸில் அரைமணி நேரமாவது எடுக்கும். ஆயுர்வேத மதன மோதகத்துக்கு இலையை நெய்யில் வறுப்பதிலும் சூட்டின் வேலை இதுதான். ஆனால் அங்கே அளவு வைத்தியர் கையில்.

மின்னடுப்பா, தாச்சியா என்பது சின்னக் கேள்வி. ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் என்று எந்தப் பாத்திரமும் சொல்லாது. புகை நிமிடங்களில் ஏறும். தின்றது ஏற இரண்டு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொரு துண்டு எடுப்பவரைத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டி வருகிறது. பிள்ளையின் கண்ணுக்கோ அது வெறும் இனிப்பு.