கொச்சியின் சுற்றுலாப் படகும் அதன் சமநிலையும்

கொச்சித் துறைமுகத்தின் நீர்ப்பரப்பு ஒருபுறம் எர்ணாகுளத்தையும் மறுபுறம் மட்டாஞ்சேரியையும் கரைகளாகக் கொண்டது. இடையிலுள்ள வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டியெடுத்த மண்ணால் உண்டாக்கப்பட்டது. பெருங்கப்பல்களுக்கென அமைந்த இந்நீரிலேயே சிறு சுற்றுலாப் படகுகளும் உழைக்கின்றன. எர்ணாகுளத்தில் பயணிகளை ஏற்றி, மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனையையும் 1568-ல் எழுந்த யூதர் ஆலயத்தையும் காண இறக்கிவிட்டு, கோட்டைக் கொச்சியின் சீனவலைகளைக் காட்டி, அவை மீள்கின்றன.

இப்பயணத்தில் படகோட்டி மிகவும் விழிப்புடன் இருக்கவேண்டிய வேளை எது? காற்றும் அலையும் மிகும் வேளை என்று பலர் கூறுவர். சீனவலைகள் கண்ணுக்குப் புலப்படும் வேளை அதற்கு இளைத்ததன்று. அப்பொழுது பயணிகள் யாவரும் ஒரே பக்கத்தில் கூடுகின்றனர்.

படகு சாயும்போது நீரில் மூழ்கிய பகுதியின் வடிவம் மாறுகின்றது. ஆகவே மிதப்பு விசையின் மையம் சாய்ந்த பக்கம் நகர்கின்றது. அவ்விசை மேல்நோக்கிச் செல்லும் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியை மெட்டாசென்டர் என்பர். இப்புள்ளி ஈர்ப்பு மையத்திற்கு மேலே இருக்கும்வரை படகு நிமிர முயலும். கீழே சென்றால் மேலும் சாயும். மேல்தட்டில் ஏறும் ஒவ்வொருவரும் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி, இவ்விரு புள்ளிகளின் இடைவெளியைக் குறைக்கின்றனர்.

பயணிகளுடன் 30 டன் எடையும் 5 மீட்டர் அகலமும் உடைய ஒரு படகில் இவ்விடைவெளி 0.6 மீட்டர் எனக் கொள்வோம். தலைக்கு 75 கிலோவாக 40 பேர் 2 மீட்டர் நகர்ந்தால், சாய்க்கும் திருப்புத்திறன் 6 டன்-மீட்டர். 30-ஐ 0.6-ஆல் பெருக்க வருவது 18. ஆறில் பதினெட்டின் பங்கு, அதாவது மூன்றில் ஒன்று, சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் ஆகும். கோணம் ஏறக்குறைய 18 பாகை. படகின் விளிம்பு முக்கால் மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். சன்னல் வழியே நீர் புகுந்தால், அந்நீரும் தாழ்ந்த பக்கமே ஓடிச் சாய்வைப் பெருக்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா என்னும் இரட்டைத்தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். காட்டு விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறம் திரண்டதாகக் கூறப்பட்டது. 2023 மே 7-ல் தானூரில், அளவுக்கு மிஞ்சிய கூட்டத்துடன் சென்ற மற்றோர் இரட்டைத்தட்டுப் படகு 22 உயிர்களைக் கொண்டது.

புதிய படகின் சமநிலையை அளக்கும் முறை எளியது. தெரிந்த எடைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, உள்ளே தொங்கவிட்ட தூக்குக் குண்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பர். மேலே கண்ட கணக்கைத் திருப்பிச் செய்தால் இடைவெளி கிடைத்துவிடும். ஏற்றத்தக்க பயணிகளின் தொகையை வரையறுக்க இச்சோதனையே அடிப்படை. ஆசிரியர்கள் ஒரு வாளி நீரில் சோப்புப் பெட்டியை மிதக்கவிட்டு இதை வகுப்பில் காட்டலாம்: கூழாங்கற்களை முதலில் அடியிலும், பின்னர் தீப்பெட்டிகளை அடுக்கி அதன் உச்சியிலும் வைத்து, மெல்லச் சாய்த்தால் போதும்.

இரட்டை உடல் கொண்ட படகுகளில் இவ்விடைவெளி பன்மடங்கு பெரிது. அது 3 மீட்டரானால் நம் படகு 4 பாகைக்குள்ளேயே சாய்ந்து நிற்கும். (இவ்வகைக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் நம் 'கட்டுமரம்' என்னும் சொல்லே; பொருள்தான் மாறிவிட்டது.) 2017-ல் வைக்கத்தில் ஓடத் தொடங்கிய, 75 பேர் செல்லும் 'ஆதித்யா' என்னும் சூரிய ஒளிப் படகும், 2023-ல் தொடங்கிய கொச்சி நீர்வழி மெட்ரோவின் மின்படகுகளும் இவ்வமைப்புடையவை. கூரைமேல் ஒளித்தகடுகளின் பாரத்தைச் சுமக்கும் படகுக்கு அகன்ற அமைப்பு பெரிதும் துணைசெய்கின்றது.

பராமரிப்பிலும் கொச்சிக்குத் தனி இயல்பு உண்டு. கோடையில் காயலின் உப்பு மிகுந்து, கொட்டலசு என்னும் ஓட்டுயிர் அடிப்பகுதியில் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைக்கும். மரத்தைக் கப்பற்புழு துளைக்கும். கண்ணாடியிழைப் படகை அது தீண்டுவதில்லை. ஜூன் மழையில் ஆற்றுநீர் உப்பைக் கடலுக்குத் தள்ளிவிடும். படகைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசும்போது, அடியறையில் தேங்கிய நீரை இறைக்கும் பம்பையும் கழற்றிப் பார்ப்பது நன்று. கண்ணுக்குத் தெரியாமல் அங்கே அலையும் நீரும், மேல்தட்டுக் கூட்டத்தைப் போலவே, பக்கம் மாறும் பாரமாகும்.