விற்காத ஒயினுக்கு ஒரு விருந்து

மேசையைச் சுற்றி – 14

சென்ற வாரம் பிரான்சின் பர்கண்டிப் பகுதி மண்ணைப் பார்த்தோம். நடுவே ஒரு வண்டிப்பாதைதான் ஓடுகிறது. ஆனால் இந்தப் பக்கத்துத் திராட்சைக்கு ஒரு விலை, அந்தப் பக்கத்துக்கு இன்னொரு விலை. தோட்டங்களை இப்படித் துண்டு துண்டாகப் பெயர் சொல்லிப் பிரித்து வைத்த அந்த மரபை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த வாரம், அந்த மண்ணில் விளைந்ததை ஊர் கூடி ருசிக்கிற மேசைக்குப் போவோம்.

1930-களின் தொடக்கம். நுயி சான் ஜார்ஜ் என்ற சிற்றூரின் நிலவறைகளில் பீப்பாய்கள் தேங்கிக் கிடந்தன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. 1929-ல் தொடங்கிய பொருளாதார மந்தம் மற்ற சந்தைகளையும் முடக்கியிருந்தது. சரக்கில் குறையில்லை, 1929 பர்கண்டியில் பேர்போன விளைச்சல் ஆண்டு. இருந்தும் வாங்க ஆளில்லை.

அந்த ஊர்க்காரர்கள் இருவர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் ஒயின் வணிகர் ஜார்ஜ் ஃபேவ்லே, மற்றவர் கமீய் ரோதியே. ஒயினை வாங்கத்தான் ஆளில்லை, நண்பர்களை அழைத்துக் குடிக்கக் கொடுப்பதை யார் தடுக்கப் போகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். 1934 நவம்பரில் ஊர் நிலவறை ஒன்றில் ‘தாத்வான் வீரர்கள்’ என்ற ரசிகர் சங்கம் பிறந்தது.

தாத்வான் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம். ஆழம் கிடையாது. உள்பக்கம் ஒரு பாதியில் வட்ட வட்டமாகக் குழிகள், மறுபாதியில் சாய்ந்த கோடுகள். நிலவறை இருட்டில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு பீப்பாய்க்குப் பீப்பாய் ஒயின் பார்த்தவர்களின் கருவி இது. அந்தச் சொற்ப வெளிச்சத்தை வெள்ளியின் மேடுபள்ளங்கள் வாங்கித் திருப்பி அடிக்கும்போது, ஒயின் கலங்கலா தெளிவா, நிறம் எப்படி என்பது பார்த்தவுடன் புரியும். சங்கத்தில் சேர்பவரின் கழுத்தில் சிவப்பும் பொன்னிறமும் கலந்த நாடாவில் தொங்குவது இந்தக் கிண்ணம்தான். தொழிலாளியின் கருவியைப் பட்டமாக அணிவிக்கிறார்கள். எனக்கு இந்தச் சங்கத்தின் மேல் மதிப்பு வந்ததற்கு முதல் காரணம் இது.

1944-ல் சங்கத்தின் நண்பர்கள் சேர்ந்து க்ளோ த வூஜோ மாளிகையை வாங்கினார்கள். சுற்றிலும் மதில், உள்ளே ஏறத்தாழ 50 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம், அதனுள்ளேயே மாளிகை. சிஸ்டெர்சியன் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய தோட்டம் அது. பீப்பாய்கள் அடுக்குவதற்காக அவர்கள் எழுப்பிய பெரிய கற்கூடத்தில்தான் இன்று விருந்து நடக்கிறது. ஒரே சமயத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் உட்காருகிறார்கள்.

அந்த விருந்தின் பேர்போன பண்டம் ‘மெரெத்’ முட்டை. முட்டையை ஓடு நீக்கி வேகவைத்து, சிவப்பு ஒயினைக் காய்ச்சிச் சுண்டவைத்த குழம்பில் இட்டுத் தருவார்கள். குழம்பில் பன்றி இறைச்சித் துண்டும் சின்ன வெங்காயமும் இருக்கும். ஒயினுக்கு முட்டை பொதுவாக ஆகாது. மஞ்சள் கரு நாக்கில் படிந்துகொண்டு ருசியை மறைத்துவிடும். இங்கே குழம்பிலேயே ஒயினின் புளிப்பு இருப்பதால் அந்தப் படிவு கரைந்துபோகிறது. அடுத்து வரும் மடக்கு நாக்கில் தெளிவாக விழுகிறது. பெரிய நூல் எதையும் படிக்காத கிராமத்துச் சமையல் கண்டுபிடித்த பொருத்தம் இது.

பரிமாறும் வரிசைக்கும் காரணம் உண்டு. முதலில் ‘அலிகோத்தே’ என்ற எளிய வெள்ளை ஒயின். பிறகு கிராமத்தின் பெயர் தாங்கியவை, அதற்குப் பிறகு உயர்ந்த தோட்டங்களில் விளைந்தவை. சிறந்ததை முதலிலேயே கொடுத்துவிட்டால் பின்னால் வருவதெல்லாம் சப்பென்று ஆகிவிடும். பாலாடைக் கட்டி விருந்தின் பிற்பகுதியில் வரும். கடுக்காயைக் கடித்ததுபோல் வாயை இழுக்கிற இளம் சிவப்பு ஒயின்கூட, கொழுப்பும் புரதமும் சேரும்போது மிருதுவாகிவிடும்.

இத்தனை சிறப்பிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அங்கி அணிந்த பெரியவர்கள், பாட்டு, கைதட்டல், நல்ல சாப்பாடு என்று எல்லாம் கூடியிருக்கும் இடத்தில் சுமாரான ஒயினும் நன்றாகத்தான் இருக்கும். விருந்து மேசை தாராளமானது, கறாராகச் சோதிக்கத் தெரியாது. எந்த ஊர் ரசிகர் சங்கமானாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வெறும் விருந்துகளாக நடத்திக்கொண்டே போனால், சில வருடங்களில் அது சாப்பாட்டுச் சங்கமாகிவிடும்.

தாத்வான் வீரர்கள் இதற்கு வழி கண்டது 1950-ல். ‘தாத்வினாஜ்’ என்ற ருசித் தேர்வைத் தொடங்கினார்கள். அதே மாளிகைதான், ஆனால் பாட்டும் விருந்தும் இல்லை. தோட்டக்காரர்கள், வணிகர்கள், சமையல்காரர்கள், ரசிகர்கள் எனக் கலந்து சிறு குழுக்களாக உட்காருவார்கள். எந்த ஊர் ஒயின், எந்த ஆண்டு விளைச்சல் என்பது தெரியும். யார் தயாரித்தது என்பது தெரியாது. நிறம் பார்த்து, முகர்ந்து, வாயில் உருட்டித் துப்பிவிடுவார்கள். விழுங்கிக்கொண்டே போனால் பத்தாவது கோப்பைக்கு நீதி கிடைக்காது அல்லவா? தேறிய புட்டிகளுக்குச் சங்கத்தின் முத்திரையும் எண்ணும் பொறித்த சீட்டு கிடைக்கும். பெரிய வீட்டுப் பெயரானாலும் தேறாவிட்டால் சீட்டு இல்லை.

மேசையின் மூன்றாவது முகத்தைப் பார்க்க மெர்சோ கிராமத்துக்குப் போக வேண்டும். நவம்பர் மூன்றாம் ஞாயிறு, 1443-ல் நிறுவப்பட்ட போன் நகர தர்ம மருத்துவமனையின் தோட்டத்து ஒயின்கள் ஏலம் போகும். 1859 முதல் நடக்கிற ஏலம் அது. மறுநாள் மெர்சோவில் ‘பொலே’ விருந்து. அறுவடை முடிந்ததும் முதலாளி கூலியாட்களோடு உட்கார்ந்து சாப்பிடும் பழைய வழக்கத்தை 1923-ல் ஜூல் லஃபோன் என்ற தோட்ட உரிமையாளர் மீட்டெடுத்தார். மதியம் தொடங்கினால் பொழுது சாய்ந்த பிறகும் நீளும். அவரவர் புட்டியை அவரவர் கொண்டுவர வேண்டும் என்பதே விதி. தோட்டக்காரர் தன் புட்டியோடு மேசை மேசையாகப் போய் முன்பின் தெரியாதவருக்கும் ஊற்றுவார். விலைப்பட்டியலைப் பற்றி அங்கே பேச்சே வராது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகிறது. ஒயின் ரசனையைத் தனியாக உட்கார்ந்து வளர்த்துக்கொள்ள முடியாது. தேர்வு மேசை நாக்கைப் பொய் சொல்லாமல் பழக்குகிறது. விருந்து மேசை, ஒயினை உணவோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுத்தருகிறது. பொலே மேசையில், விளைவித்தவரின் முகம் பார்த்துக் குடிக்கிறோம். இதில் ஒன்று குறைந்தாலும் சங்கம் நொண்டும். ருசித் தேர்வில் நடுவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விக்குள் இந்த மூன்றும் அடங்கியிருக்கின்றன: இந்த ஒயினை என் நிலவறையில் வைத்திருந்து, என் நண்பர்களுக்கு மகிழ்ச்சியோடு ஊற்றுவேனா? மதிப்பெண்களைவிட இந்தக் கேள்வியை நான் நம்புகிறேன். புதிதாகச் சங்கம் தொடங்கும் யாருக்கும் இதைத்தான் முதல் விதியாகச் சொல்வேன்.

புட்டியின் பெயரை மறைத்து ருசித்ததால் பிரெஞ்சுக்காரர்களே அதிர்ந்துபோன ஒரு பிற்பகல் உண்டு. 1976, பாரிஸ். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)