தொட்டியைக் கழுவ வந்த மீன் அல்ல!
கவசக் கெளுத்தி வளர்ப்பும் வணிகர் அறிய வேண்டியதும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் தொடங்கி இராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வரை, கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி மீன்தொட்டி வைத்திருக்கும் வணிகர்கள் உண்டு. வாஸ்துவுக்காக வைத்தவர் சிலர்; வாடிக்கையாளரோடு வரும் குழந்தைகளுக்காக வைத்தவர் சிலர். ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் மீன் தீவனப் பாக்கெட்டையும் தொங்கவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தொட்டிகளின் அடித்தரையில், மீசையால் மண்ணைத் துழாவிக்கொண்டு கூட்டமாகத் திரியும் இரண்டரை அங்குல மீன்தான் கவசக் கெளுத்தி. வண்ண மீன் கடைக்காரர்கள் 'கோரி' என்பார்கள். முழுப்பெயர் கோரிடோரஸ்.

இதைப் பற்றி வணிகர்கள் அறிந்துகொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வீட்டிலேயே பெருக்கக்கூடிய மீன் என்பதால் சிறு உபதொழிலுக்கு ஏற்றது. இரண்டு, இதை விற்கும்போது கடையில் சொல்லப்படும் ஒரு வார்த்தை. "இதைப் போட்டால் தொட்டியைக் கழுவவே வேண்டாம், கழிவைத் தின்றே வாழ்ந்துவிடும்" என்பதுதான் அது. இது உண்மையல்ல. இதை நம்பித் தீவனம் போடாதவரின் மீன் பட்டினியாலும் அழுக்குத் தண்ணீராலும் சாகிறது. மீன் செத்த வாடிக்கையாளர் மறுபடி அந்தக் கடைப் படி ஏறமாட்டார்.

பிறந்த ஊர்

இதன் தாயகம் தென் அமெரிக்க ஆறுகள். உடலின் இருபுறமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல் அமைந்திருப்பதால் 'கவச' என்ற அடைமொழி. பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்து வந்த மீன்களில் புள்ளிக் கோரியும் ஒன்று. 1842-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 1878-லேயே பாரிஸ் நகரில் கார்போனியே என்பவர் தொட்டியில் குஞ்சு பொரிக்கச் செய்தார். ஆக, வீட்டில் பெருக்கும் வித்தை 140 ஆண்டுகளுக்கு மேல் பழையது.

நம் ஊர்த் தொட்டிகளுக்கு ஏற்றது வெண்கலக் கோரி. 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் குடும்பத்தைப் பல பேரினங்களாகப் பிரித்து, வெண்கலக் கோரியை ஆஸ்டியோகாஸ்டர் என்ற பெயரின் கீழ் கொண்டுபோயிற்று. கடை வழக்கில் அது இன்னும் கோரிதான்.

தொட்டி அமைக்கும் முறை

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஆறு மீனுக்குப் போதும். இது கூட்டமாக வாழும் மீன். ஒன்று, இரண்டு என்று வாங்கினால் ஒடுங்கிக் கிடக்கும். அந்தத் தொட்டி சுமார் 55 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 55 கிலோ எடை என்பதால், பிஸ்கட் டப்பா வைக்கும் பலகையில் வைத்துவிடாதீர்கள்.

அடியில் பரப்ப நைசான, கூர்முனை இல்லாத மணல் வேண்டும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஆகாது. அதன் கூர்மை மீசையைத் தேய்த்துவிடும். மீசை போனால் இரை தேட முடியாது. கோரி அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். குடலால் காற்றை உறிஞ்சும் மீன் ஆதலால் இது இயல்பே. ஆனால் ஓயாமல் மேலே வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள்.

குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒருநாள் திறந்த வாளியில் வைத்தோ, மீன் கடையில் கிடைக்கும் ஹைப்போ உப்பு போட்டோ பயன்படுத்துங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். நோய் வந்தால் கல்லுப்பை அள்ளிப் போடும் வழக்கம் கோரிக்கு ஆகாது. உப்பை இது அதிகம் தாங்காது.

22 முதல் 26 டிகிரி வரை இதற்குச் சுகம். நம் பக்கத்துச் சித்திரை வெயில்தான் பெரிய எதிரி. தகரக் கூரைக்கு அடியில் தொட்டி வேண்டாம். கோடையில் மூடியைத் திறந்து வலை போட்டு, சிறு மின்விசிறியைத் தண்ணீரின் மேல் ஓடவிட்டால் சூடு இறங்கும்.

கடையில் தொட்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. காற்று மோட்டார், கடைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசு மருந்து, கரப்பான் மருந்து தெளிக்கும்போது மோட்டாரை நிறுத்தித் தொட்டியை மூடுங்கள். தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் வாயு மனிதர் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிடங்கில் தொட்டி இருக்கவே கூடாது.

குஞ்சு எடுக்கும் முறை

மேலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரிவது பெண், ஒல்லியானது ஆண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் விடுங்கள். மழைக்காலம் தொடங்குவதே இவற்றுக்கு இனப்பெருக்க அழைப்பு. இரண்டு வாரம் நல்ல தீவனம் கொடுத்து, பிறகு பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் மழை வந்ததாக எண்ணிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்கு வசதி. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. சுத்தமாகப் பிடித்த மழைநீரையோ சுத்திகரித்த கேன் தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலந்தால் பலன் கூடும்.

பெண் மீன் தன் வயிற்றடித் துடுப்புகளைக் கூடைபோல் குவித்து, ஒரு தடவைக்குச் சில முட்டைகளை ஏந்திக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டும். இப்படியே நூற்றுக்கு மேலும் ஒட்டும். ஒட்டி முடித்தபின் பெற்றோரே முட்டையைத் தின்றுவிடும். எனவே பழைய ரேஷன் கார்டு போன்ற மெல்லிய அட்டையால் முட்டைகளைப் பக்குவமாக வழித்து, அதே தண்ணீர் ஊற்றிய சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். மெத்திலீன் புளூ சில சொட்டு விட்டால் பூஞ்சணம் பிடிக்காது. வெள்ளையாக மாறிய முட்டைகளை எடுத்துவிடுங்கள்.

மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். முதல் இரண்டு நாள் வயிற்றுப் பை உணவே போதும். அதன்பின் ஆர்ட்டீமியா குஞ்சு கொடுக்க வேண்டும். லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டுக் காற்று விட்டால், ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். நாமக்கல் முட்டைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் வேகவைத்த மஞ்சள் கருவைக் கொடுப்போரும் உண்டு. ஊசிமுனை அளவுக்கு மேல் போனால் தண்ணீர் கெட்டு, மறுநாள் குஞ்சு இருக்காது.

வரவும் செலவும்

தமிழ்நாட்டு வண்ண மீன் வணிகத்தின் தலைமையிடம் கொளத்தூர். மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் அல்ல, சென்னைக் கொளத்தூர். நம் பக்கத்து மீன் கடைகளுக்கு ஆக்சிஜன் அடைத்த பைகளில் அங்கிருந்து சரக்கு வருகிறது. வழியில் சாகும் மீனின் நஷ்டம் வாங்குபவர் தலையில் விழும். கோரியின் துடுப்பு முள் பையைக் குத்திவிடும் என்பதால் இரட்டைப் பை போட வேண்டும். உள்ளூரிலேயே பெருக்கினால் இந்த நஷ்டம் மிச்சம். மீனும் நம் தண்ணீருக்குப் பழகியதாக இருக்கும்.

ஆனால் மின்சாரம், ஆர்ட்டீமியா, செத்த குஞ்சு எல்லாவற்றையும் செலவில் எழுதிப் பாருங்கள். முட்டை எண்ணிக்கையைக் கொண்டு லாபம் போடாதீர்கள். மூன்று மாதம் வளர்ந்து கடைக்குப் போகும் மீனே சரக்கு. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புழக்கடை வண்ண மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 60 சதவீதமும் மானியம் வைத்தார்கள். இப்போதைய நிபந்தனைகளை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெரியண்ணன் வேறு

'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீனும் கவசக் கெளுத்திதான். ஆனால் வேறு குடும்பம். விரல் நீளத்தில் வாங்குவது ஓர் அடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் வீட்டுக்காரர் ஏரியில் விட்டுவிடுகிறார். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது பெரிய பாவமாக முடிகிறது. மெக்சிகோவின் இன்ஃபியர்னில்லோ அணையில் திலேப்பியா மீன்பிடிப்பு செழித்திருந்தது. இந்த மீன் பெருகியபின் வலையில் திலேப்பியாவுக்குப் பதில் விலைபோகாத இதுவே ஏறி, மீனவர் பிழைப்பு குலைந்தது. கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும். கேரளத்திலும் கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் இது புகுந்துவிட்டது. திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கிறது. சேலத்தில் விடுவது சேலத்தோடு நிற்காது. மேட்டூர் அணையில் வலை வீசும் குடும்பங்களும் நம் கடைகளின் வாடிக்கையாளர்களே.

ஆகவே மீன் விற்கும் வணிகர்கள் மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும்: எவ்வளவு வளரும், என்ன தின்னும், வேண்டாமென்றால் ஏரியில் விடாமல் கடைக்கே திருப்பிக் கொண்டுவரலாம். இதனால் இன்று ஒரு சக்கர் மீன் விற்காமல் போகலாம். அதற்குப் பதில் ஆறு கோரியும், மாதாமாதம் அவற்றுக்கான தீவனமும் விற்கும். எடை குறையாமல் அளப்பது போலத்தான் இதுவும்; சொல் குறையாமல் விற்பதும் வணிக தர்மமே.