80,000 மைல்ஸ் கையில இருக்கு... பிசினஸ் கிளாஸா, அப்பா அம்மாவுக்கு டிக்கெட்டா?

கிரெடிட் கார்டு பாயின்ட்ஸ் பத்தி நம்ம சேனல்ல பேசினதுல இருந்து, "சேர்த்த மைல்ஸை எப்படி செலவு பண்றது?"ன்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அதுல ஒரு மெயிலை மட்டும் எடுத்துக்கிறேன். அதுல கணக்கும் இருக்கு, கணக்குக்கு வெளியில ஒரு விஷயமும் இருக்கு.

எழுதினவர் சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறார். சொந்த ஊர் வேலூர். மனைவி, ஸ்கூல் போற ரெண்டு பசங்க. கிரிஸ்ஃப்ளையர் அக்கவுன்ட்ல 80,000 மைல்ஸ். அதுல பாதி அடுத்த மார்ச்ல காலாவதி, மீதி அதுக்கு ஒன்றரை வருஷம் கழிச்சு. அவர் கேள்வி: "வாழ்க்கையில ஒரு தடவை பிசினஸ் கிளாஸ்ல ஊருக்குப் போய்ட்டு வரட்டுமா, இல்ல அப்பா அம்மாவை இங்க கூட்டிட்டு வரட்டுமா?" கடைசி வரியில போகிற போக்குல ஒண்ணு சொல்லியிருந்தார். அப்பாவுக்கு 72 வயசு, பைபாஸ் ஆகியிருக்கு, முழங்காலும் மடக்க முடியாது.

முதல்ல மைல்ஸ்னா என்னன்னு ஒரு ஆடிட்டரா சொல்லிடறேன். நீங்க அதை சேமிப்புன்னு நினைக்கிறீங்க. ஏர்லைன்ஸ் புக்ஸ்ல அது கடன். ஐஎஃப்ஆர்எஸ் 15, நம்ம ஊர்ல இந்த் ஏஎஸ் 115, இந்த கணக்கு விதிகள்படி நீங்க டிக்கெட் வாங்கும்போது கொடுத்த பணத்துல மைல்ஸுக்கான பங்கை ஏர்லைன்ஸ் உடனே வருமானமா காட்ட முடியாது. பொறுப்பா தள்ளி வைக்கணும். உங்களுக்கு அவங்க கடன்பட்டிருக்காங்க, சரி. ஆனா இது வட்டி இல்லாத கடன், ஜாமீன் இல்லாத கடன். திருப்பிக் கொடுக்கிற ரேட்டையும் கடன்காரரே மாத்திக்கலாம்! கிரிஸ்ஃப்ளையர்ல 2017, 2019, 2022னு டிக்கெட்டுக்கு வேண்டிய மைல்ஸை உயர்த்தியிருக்காங்க. கிங்ஃபிஷர் 2012ல நின்னப்போ கிங் கிளப் மைல்ஸ் வச்சிருந்தவங்க கதை உங்களுக்கே தெரியும். அதனால மைல்ஸை எஃப்டி மாதிரி வருஷக்கணக்கா சேர்த்து வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம். கீழே வர்ற எண்கள் எல்லாம் ரவுண்டா எடுத்துக்கிட்ட உதாரணம்தான். உங்க தேதிக்கு என்ன விலைன்னு நீங்களே பார்த்து மாத்திப் போடுங்க.

ஃபார்முலா ரொம்ப சின்னது. மைல்ஸ் இல்லைன்னா கையிலிருந்து எவ்வளவு கொடுத்திருப்பீங்களோ அந்தத் தொகை. அதுல இருந்து மைல்ஸ் டிக்கெட்டுக்கும் நீங்க கட்ட வேண்டிய ஏர்போர்ட் வரிகளைக் கழிக்கணும். மிச்சத்தை மைல்ஸால வகுக்கணும். ஒரு மைலுக்கு எத்தனை சென்ட்னு வந்துடும்.

பிசினஸ் கிளாஸ் போக வர 80,000 மைல்ஸ், காசு கொடுத்து வாங்கினா 1,800 வெள்ளி, வரி 100 வெள்ளின்னு வைங்க. 1,700ஐ 80,000ஆல வகுத்தா ஒரு மைலுக்கு 2.1 சென்ட். யூடியூப்ல பாதி வீடியோ இந்த இடத்துலயே முடிஞ்சிடும், "பார்த்தீங்களா, டபுள் வேல்யூ!"ன்னு.

ஆனா ஃபார்முலாவோட முதல் வரியைத் திரும்பப் படிங்க. அந்த நாலு மணி நேர ஃப்ளைட்டுக்கு இவர் 1,800 வெள்ளி கையிலிருந்து கொடுப்பாரா? மாட்டார். எகானமில 450 வெள்ளிக்குப் போவார். அப்போ உண்மையா மிச்சமாகிறது 350 வெள்ளி. மைலுக்கு 0.44 சென்ட். சொகுசுக்கு ஒரு விலை இருக்கு, இல்லைன்னு சொல்லல. சரி, அந்த சீட்டை அப்பாவுக்கே கொடுத்தா? கால் நீட்டி வர்றதுக்கு இன்னொரு 300 வெள்ளி மனசார கொடுப்பேன்னு அவர் சொன்னாலும் 0.8 சென்ட்தான் வருது. கூடுதல் கால் இடம் உள்ள எகானமி சீட்டைத் தனியா காசு கட்டி எடுத்தா அதைவிட ரொம்பக் கம்மியில முடியும். வீல்சேர் உதவி இலவசம், புக்கிங்லயே கேட்டுடுங்க. ஒண்ணு கவனிங்க, எமர்ஜென்சி எக்சிட் வரிசை சீட்டை முழங்கால் பிரச்சினை உள்ளவங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. முன்னாடி தடுப்புச் சுவர் இருக்கிற வரிசையைப் பாருங்க.

அப்போ அப்பா அம்மா டிக்கெட்டுக்கே மைல்ஸா? இங்கதான் பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கு. அப்பா ரிட்டயர் ஆனவர். பிப்ரவரியில வரலாம், ஆகஸ்ட்ல வரலாம், செவ்வாய்க்கிழமையும் வரலாம். டிக்கெட் மலிவா கிடைக்கிற நாள்ல ஒருத்தருக்கு போக வர 350 வெள்ளின்னு வைங்க. அதுக்கு 40,000 மைல்ஸ் கொடுத்தா மைலுக்கு 0.6 சென்ட். டிக்கெட் வாங்கும்போது மைல்ஸைப் பணமா கழிச்சுக்கிற வசதி இருக்கே, அதுலயே கிட்டத்தட்ட ஒரு சென்ட் கிடைக்குது. நல்ல டீல் கிடையாது அதுவும், ஆனா 0.6க்கு அது எவ்வளவோ மேல்.

அதே 40,000 மைல்ஸை டிசம்பர் ஸ்கூல் லீவுக்குக் குடும்பத்தோட ஊருக்கு வரும்போது ஒரு டிக்கெட்டுக்குப் போடுங்க. பசங்க லீவை உங்களால மாத்த முடியாது. அப்போ டிக்கெட் 800 வெள்ளின்னா, வரி போக 700 மிச்சம், மைலுக்கு 1.75 சென்ட். ஒரே ரூட், ஒரே எகானமி சீட், மதிப்பு மட்டும் மூணு மடங்கு. தேதி உங்க கையில இருந்தா காசு கொடுங்க, தேதி உங்க கையில இல்லாதப்போ மைல்ஸ் கொடுங்க. நான் பார்க்கிறது இந்த ஒரு விஷயத்தைத்தான். லீவு நேரத்துல சேவர் சீட் சீக்கிரம் காலியாகிடும்ங்கிறதும் உண்மை. 355 நாள் முன்னாடியே புக்கிங் திறக்குது, அப்பவே உட்காருங்க. இன்னொரு சௌகரியம், காலாவதிக்கு முன்னாடி புக் பண்ணினா போதும், பயணம் பிறகு இருக்கலாம். பழைய மைல்ஸ்தான் முதல்ல கழியும், அதனால மார்ச்ல போக வேண்டிய அந்த 40,000 இதுலயே தீர்ந்துடும்.

மீதி 40,000? அதைத் தொடாதீங்க.

வெளிநாட்டுல இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஊர்ல இருந்து போன் வந்தா கை நடுங்கும். அந்த நாள்ல தேதி முழுசா உங்க கையை விட்டுப் போயிடுது. காலை ஃப்ளைட்டுக்கு ஒருவழி டிக்கெட்டே 700 வெள்ளி காட்டலாம். 20,000 மைல்ஸ்ல சேவர் சீட் கிடைச்சா, 50 வெள்ளி வரி போக, மைலுக்கு 3.25 சென்ட். சேவர் இல்லாம அட்வான்டேஜ்ல 35,000 கேட்டாலும் 1.86. பிசினஸ் கிளாஸ்ல காட்டின அந்த 2.1 கற்பனைக் காசு, இது உங்க பாக்கெட்ல நிஜமா நிக்கிற காசு. இதுக்கு யாரும் ஷாம்பெயின் கிளாஸோட தம்ப்நெயில் போட முடியாது, அவ்வளவுதான்.

இங்க ஒரு நுணுக்கம். பேங்க் பாயின்ட்ஸை மைல்ஸா மாத்தாம கார்டுலயே வைங்கன்னு நானே சொல்லியிருக்கேன், மாத்தின நாள்ல இருந்து மூணு வருஷக் கெடு ஓட ஆரம்பிக்கும்ங்கிறதால. அவசரத்துக்கு வைக்கிறதுக்கு மட்டும் அது பொருந்தாது. டிரான்ஸ்ஃபருக்கு நாள் கணக்கா ஆகலாம், அந்த நாள் உங்களுக்கு இருக்காது.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரங்களுக்குக் கணக்கு வேற. உங்களுக்கு திருச்சிக்கு நேரா ஸ்கூட் இருக்கு. சென்னைக்கு மைல்ஸ்ல வந்து ஆறு மணி நேரம் கார்ல போறதைவிட, அவசர நாள்ல காசு கொடுத்து திருச்சியில இறங்குங்க. அதுக்கான பணத்தை எமர்ஜென்சி ஃபண்டுல தனியா வைங்க.

மெயில் அனுப்பினவருக்கு நான் சொன்னது இதான். அப்பா அம்மாவை பிப்ரவரியில காசு கொடுத்து கூப்பிடுங்க, அப்பாவுக்கு நல்ல சீட் எடுங்க. டிசம்பர் டிக்கெட் ஒண்ணு மைல்ஸ்ல. மிச்சம் அப்படியே இருக்கட்டும். இந்த வாரமே நாமினி லிஸ்டைப் போட்டுடுங்க. கிரிஸ்ஃப்ளையர்ல அஞ்சு பேர் வரைதான். மனைவி, ரெண்டு பசங்க, அப்பா, அம்மா, சரியா அஞ்சு. மாமியார் எங்கன்னு வீட்ல கேட்டா நான் பொறுப்பில்ல. பேரை மட்டும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே அடிங்க. நம்ம ஊர்ல ஆதார்ல இனிஷியல் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அதையே விரிச்சு வேற மாதிரி இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அதைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது.