வீட்டின் இரண்டாவது வண்டி மின்சார வண்டியாகலாமா?

ஒரு மோட்டார் வண்டியை வைத்துக் காப்பதே பெரும்பாடாயிருக்கும் நாட்டில், இரண்டாவது வண்டியைப் பற்றிப் பேசுவது நேயர்களிற் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், கணவன் ஒரு திசையிலும் மனைவி வேறொரு திசையிலும் தொழிலுக்குச் செல்ல, பிள்ளைகள் மூன்றாவதொரு திசையிற் பாடசாலைக்குப் போகும் குடும்பங்கள் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல உள. அக்குடும்பங்களில் இன்று எழும் கேள்வி இதுவாகும்: இருக்கிற பெற்றோல் வண்டி இருக்கட்டும், கிட்டிய ஓட்டங்களுக்கு மின்சார வண்டியொன்றை வாங்கினால் என்ன?

கேள்வியில் நியாயம் உண்டு. மின்சார வண்டிக்குக் கூறப்படும் பெருங்குறை, இடையில் நிறுத்தி நெடுநேரம் மின்னேற்றாமல் தூரப் பயணம் போக முடியாதென்பது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்துக்கு ஒரு கலியாணவீட்டுக்காகப் புறப்படும்போது பெற்றோல் வண்டி வீட்டில் நிற்குமாயின், அக்குறை குறையாகாது. ஆனால், வண்டியின் வசதி வேறு, அதன் வரவு செலவு வேறு. பின்னதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். தகப்பனார் கட்டுநாயக்க வர்த்தக வலயத்திற் பணிபுரிகிறார். போக வர ஏறத்தாழ 60 கிலோமீற்றர். மாதத்துக்கு, மற்ற அலுவல்களையும் சேர்த்து, 1,400 கிலோமீற்றர். தாயார் ஆசிரியை. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தம் பாடசாலைக்குச் சென்று திரும்ப நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர். பாடசாலை நாட்கள் 21 என்று கொண்டால் மாதத்துக்கு 420 கிலோமீற்றர். மின்சார வண்டி தாயாருக்கென்றே பேசப்படுகிறது.

சிறிய பெற்றோல் வண்டி லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், தாயாரின் ஓட்டத்துக்கு மாதம் 30 லீற்றர் வேண்டும். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா எனக் கொண்டால் செலவு 9,000 ரூபா. மின்சார வண்டிக்கு, மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீற்றருக்கு 18 அலகு போதும். 420 கிலோமீற்றருக்கு 76 அலகு. அலகு 30 ரூபா என்றால் 2,280 ரூபா. ஆகவே மாத மிச்சம் 6,720 ரூபா; ஆண்டு மிச்சம் 80,640 ரூபா. பார்வைக்கு நல்ல தொகைதான்.

இனி வண்டியின் விலைக்கு வருவோம். ஒத்த பெற்றோல் வண்டியிலும் பார்க்கப் புதிய மின்சார வண்டிக்கு 20 இலட்சம் ரூபா கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால், அம்முதலை இம்மிச்சத்தினால் மீட்க ஏறக்குறைய 25 ஆண்டுகள் வேண்டும். அதே 20 இலட்சத்தை நூற்றுக்கு 8 வீத வட்டிக்கு வங்கியில் இட்டால் ஆண்டுக்கு 1,60,000 ரூபா வரும். மிச்சமோ அதிற் பாதியளவே. லீசிங்கில் எடுப்போர் வட்டியைப் பெறுவதற்குப் பதிலாகக் கொடுக்கிறார்கள். அவர்கள் நிலை இதனினும் கடினம்.

எண்ணெயும் பிளக்கும் மாற்றவேண்டிய இயந்திரம் இல்லையே, அதனால் வரும் ஆதாயம் எங்கே என்று கேட்கலாம். ஆதாயம் உண்டு, ஆனால் மாதம் 420 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அச்செலவும் பெரிதன்று. ரயர், அதிர்வுதாங்கி, காப்புறுதி என்பன இரண்டு வண்டிக்கும் பொது.

இதன் காரணம் எளிது. மின்சார வண்டி வாங்கும்போது பணத்தை விழுங்கி, ஓடும்போது சிறிது சிறிதாகத் திருப்பித் தருவது. ஓட்டம் குறைந்தால் திருப்பித் தருவதும் குறையும். இரண்டாவது வண்டி என்று நாம் சொல்வதோ, பெரும்பாலும் குறைவாக ஓடுகின்ற வண்டியை. மலிவாக ஓடும் வண்டியை வாங்கி, ஓடாத இடத்தில் நிறுத்துகிறோம்.

அதே வண்டியைத் தகப்பனாரிடம் கொடுத்துப் பாருங்கள். 1,400 கிலோமீற்றருக்குப் பெற்றோல் 100 லீற்றர், அதாவது 30,000 ரூபா. மின்சாரம் 252 அலகு, 7,560 ரூபா. மாதம் 22,440 ரூபா மிஞ்சும். ஆண்டுக்கு 2,69,280 ரூபா. 20 இலட்சம் ஏழரை ஆண்டுகளில் மீளும். பழைய பெற்றோல் வண்டி தாயாரின் கைக்கு மாறும். தகப்பனார்மார் இதற்கு உடனே இணங்குவார்கள், தாய்மார் அத்தனை விரைவில் இணங்குவார்களா என்பது அந்தந்த வீட்டார் தீர்க்கவேண்டிய விடயம்.

மேலே அலகு 30 ரூபா என்றது வெறும் எடுகோள். எங்கள் மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. மாதம் 180 அலகைத் தாண்டிய வீட்டில், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் மிக உயர்ந்த விலைக்கே கணக்கிடப்படும். குளிரூட்டியும் துணி துவைக்கும் பொறியும் உள்ள வீடு ஏற்கெனவே அப்படியில் நின்றால், வண்டிக்கான அலகுகள் முழுவதும் அவ்விலைக்கே வரும். அதனை 75 ரூபா எனக் கொண்டால், தாயாரின் மாத மிச்சம் 3,300 ரூபாவாகச் சுருங்கும். கட்டணங்கள் அடிக்கடி திருத்தப்படுவதால், நேயர்கள் தங்கள் கடைசிப் பற்றுச்சீட்டை எடுத்து, தாம் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்தே கணக்கிடல் வேண்டும்.

இதற்கு மாற்று, நேரத்துக்கேற்ற கட்டண முறை. இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மின்சாரம் மலிவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக அதிகம். வண்டிக்கு இது பொருத்தமே. ஆனால் இம்முறை வண்டிக்கு மட்டுமன்றி வீடு முழுவதற்கும் பொருந்தும். மாலையிற் சமையலும் இஸ்திரிக்கையும் குளிரூட்டியும் ஒன்றாக நடக்கும் வீட்டில், இரவிற் பெற்றதை மாலையில் இழக்க நேரும். கூரையிற் சூரியப் படலம் அமைத்தவர்களின் கணக்கு வேறு. அவர்கள் விற்கும் அலகுக்குக் கிடைக்கும் விலையையும் வாங்கும் அலகின் விலையையும் ஒப்பிடவேண்டும்.

ரூபாவில் எழுத இயலாத பெறுமதியொன்றும் உண்டு. 2022 இல் எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை நின்றதை எவரும் மறந்திரார். அவ்வாண்டு யூலையிற் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. மின்சார வண்டியுள்ள வீட்டார் அந்நாட்களிற் பெற்றோல் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டும் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். இரண்டு வகை வண்டியும் உள்ள வீடே அந்நாட்களில் ஓரளவு தப்பியது.

வண்டியை எங்கே மின்னேற்றுவது? தனி வீடாயின் இடரில்லை. சாதாரண 13 அம்பியர் பிளக்கிலேயே மின்னேற்றலாம். தகப்பனாரின் ஒருநாள் ஓட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வேண்டும். பல மணி நேரம் தொடர்ந்து மின் பாய்வதால், பழைய வயரையும் நீட்டுக் கம்பியையும் நம்பாமல், பிரதான பலகையிலிருந்து நல்ல புவித்தொடுப்புடன் தனி வயர் இழுப்பது அவசியம். அடுக்குமாடியில் வாழ்வோர் நிலை வேறு. ஐந்தாம் மாடியில் மின்மானி, நிலத்தளத்தில் வண்டி. இடையில் நிருவாகக் குழு. இடத்துக்கு மின் இழுக்க எழுத்தில் அனுமதி பெறுமுன் முற்பணம் கொடுப்பது உசிதமன்று.

தாயாருக்கு மின்சார வண்டியே வேண்டுமென்றால், அதற்கும் ஒரு வழி உண்டு. வரி குறைவாயிருந்த 2014, 2015 ஆம் ஆண்டுகளில் யப்பானிலிருந்து பாவித்த நிசான் லீஃப் வண்டிகள் பெருந்தொகையாக இந்நாட்டுக்கு வந்தன. அவற்றின் பற்றரி 24 கிலோவாற்று மணி கொண்டது. அதனைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாமையால், வெப்ப நாடுகளில் அது விரைவிற் தளரும். அதன் நிலையைச் சாரதியின் முன்னுள்ள பலகையில் 12 கட்டைகள் காட்டும். முதற்கட்டை மறையும்போதே கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் குறைந்துவிடும். எட்டுக் கட்டை மிஞ்சிய வண்டியை நம்பி, குளிரூட்டியையும் போட்டுக்கொண்டு, தினமும் கட்டுநாயக்கவுக்குப் போய்வருவது துணிச்சலான காரியம். ஆனால் 20 கிலோமீற்றர் பாடசாலை ஓட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். தளர்ந்த பற்றரி என்பதனால் விலை இறங்கி, ஒத்த வயதுடைய பெற்றோல் வண்டியின் விலைக்கே கிடைக்குமாயின், மாத மிச்சம் முதல் மாதத்திலிருந்தே மிச்சமாகும். விலையுயர்ந்த வண்டி நீண்ட ஓட்டத்துக்கும், மலிந்த வண்டி குறுகிய ஓட்டத்துக்கும் பொருந்தும். விலையுயர்ந்த வண்டியைக் குறுகிய ஓட்டத்துக்கு வாங்குவதே நட்டம்.

அத்தகைய பழைய வண்டியை வாங்குவோர் கட்டைகளை மட்டும் எண்ணி அமையாது, முழுதும் மின்னேற்றிய வண்டியைத் தாம் வழமையாகப் போகும் வீதியில், வழமையான நேரத்தில், குளிரூட்டியுடன் ஒருநாள் ஓட்டிப் பார்க்கவேண்டும். பற்றரியின் கலங்களைத் தனித்தனியே அளக்கும் கருவியுள்ள கராஜில் அறிக்கை பெறுவதும் நன்று. பற்றரியை மாற்ற அல்லது பழுதான கலங்களை மட்டும் மாற்ற என்ன செலவாகும் என்பதை இரண்டு இடங்களில் எழுத்தில் வாங்கி, அத்தொகையை வண்டியின் விலையோடு கூட்டியபின்னரே பெற்றோல் வண்டியின் விலையோடு ஒப்பிடுதல் தகும்.