இணையத் தொலைத்தொடர்பில் நெரிசலும் அதன் தீர்வும்

இணையத்தின்வழி இயங்கும் தொலைத்தொடர்பை ஆராய்வோர் அதற்கு இன்றியமையாத இயல்புகள் இரண்டு என்பர். ஒன்று நம்பகம்; மற்றொன்று ஆங்கிலத்தில் ஸ்கேலபிலிட்டி எனப்படுவது. பின்னதனை ‘அளவிடத்தக்க தன்மை’ என மொழிபெயர்ப்பாரும் உளர். அது பொருந்தாது. ஒன்றனை அளந்தறிதல் வேறு. பயன்கொள்வோர் தொகை பன்மடங்கு பெருகியவழியும் ஓர் அமைப்புத் தளராது நிற்றல் வேறு. ஆதலின் அதனை ஈண்டு ‘விரிதகைமை’ என்னும் சொல்லாற் குறிப்பேன். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்றலை 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நேர்ந்த ஓர் இடர்ப்பாடு நன்கு காட்டுகின்றது.

அதனை அறியுமுன் பொதிகளின் செலவினை அறிதல் வேண்டும். பழைய தொலைபேசி முறையில், பேசும் இருவர்க்கெனத் தனித்தடம் ஒன்று ஒதுக்கப்படும். தடம் இல்லையேல் இணைப்புக் கிட்டாது. இணையத்திலோ செய்தி சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பெற்றுப் பலர்க்கும் பொதுவான வழியிற் செல்லும். இடைநிற்கும் திசைவிகள் பொதியை வாங்கி வரிசையில் நிறுத்தி அடுத்த திசைவிக்கு விடுக்கும். வரிசை நிரம்பின் வந்த பொதியைக் கைவிடும். எவர் எவரோடு உரையாடுகின்றார் என்னும் கணக்கு அவற்றிடம் இல்லை. பொதி வந்து சேர்ந்தது என்னும் ஒப்புகை வாராதாயின், அனுப்பிய கணினியே அதனை மீட்டும் அனுப்பும். நம்பகத்தைக் காக்கும் பொறுப்பு இவ்வாறு இரு முனைகளிலும் அமைவதே தக்கது என்பதனைச் சால்ட்சர், ரீடு, கிளார்க் என்னும் மூவர் 1981இல் விரித்துரைத்தனர். இடைவழி எளிமையாயிருத்தலே விரிதகைமைக்கு அடிப்படை. ஆயினும் தீங்கின் வித்தும் அவ்வெளிமையிலேயே இருந்தது.

1986 அக்டோபரில், கலிபோர்னியாவின் பெர்க்கிலியில், லாரன்சு ஆய்வுக்கூடத்திற்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே ஓடிய செய்திப் போக்கு நொடிக்கு 32,000 பிட்டு என்னும் அளவினின்று 40 பிட்டாக வீழ்ந்தது. இரண்டிற்கும் இடைத்தொலைவு ஏறக்குறைய 400 கெசமே. 40 பிட்டு என்பது எத்துணைச் சிறிது எனின், இன்று வழங்கும் யுடிஎஃப்-8 என்னும் ஒருங்குகுறி முறையில் ‘கா’ என்னும் ஒரே எழுத்திற்கு 48 பிட்டு வேண்டும். ஒரு நொடியில் ஓர் உயிர்மெய் நெடில்கூட முழுமையாகச் சென்றடையாத நிலை அது!

கம்பி அறுந்ததா எனின், இல்லை. வழி நிறைய ஓட்டம் இருந்தது. ஓடியவற்றுட் பெரும்பாலன முன்னரே அனுப்பப்பெற்ற பொதிகளின் படிகள். வரிசை நீண்டபோது ஒப்புகை தாழ்த்தது. தாழ்த்தமையின், பொதி தொலைந்தது எனக் கருதிய கணினிகள் மீட்டும் அனுப்பின. அதனால் வரிசை மேலும் நீண்டது. நம்பகத்தின்பொருட்டு அமைந்த விதியே நம்பகத்தைக் கெடுத்தது என்க. இத்தகைய நெரிசல் வீழ்ச்சி நேரக்கூடும் என்பதனை ஜான் நேகிள் என்பார் 1984இலேயே எடுத்துரைத்தனர். அவ்வுரை உரிய காலத்தில் போதிய கவனம் பெற்றிலது என்பதே என் கருத்து.

தீர்வு கண்டவர் லாரன்சு ஆய்வுக்கூடத்து வான் ஜேக்கப்சன். மைக்கேல் கேரல்சு என்பாரொடு ஆய்ந்து, 1988இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் உயிர்நிலை ஒரு கொள்கை: வழியினின்று பழைய பொதி ஒன்று நீங்கினாலன்றிப் புதியதொன்றைப் புகுத்தலாகாது. தொடக்கத்தில் ஒரு பொதியே அனுப்புக; ஒப்புகை வரவரச் சுற்றுதோறும் இரட்டிக்க. பொதி இழப்பு நேரின், அதனை நெரிசலின் குறியாகக் கொண்டு, மீண்டும் ஒன்றினின்று தொடங்கி, முன்னர் எய்திய அளவின் பாதிவரை விரைந்து ஏறுக. அதற்குமேல் சுற்றுக்கு ஒன்றாக மட்டுமே கூட்டுக. ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கணிக்குங்கால் சராசரியோடு ஏற்றத்தாழ்வையும் சேர்த்தெண்ணுக என்பதும் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. முன்னைய கணிப்பு இதனைப் போதிய அளவு கொள்ளாமையாலன்றோ கணினிகள் பொறுமை இழந்தன!

இம்முறையின் சிறப்பு யாதெனின், திசைவி எதனையும் மாற்றவேண்டாமை. முனைக் கணினிகளின் மென்பொருளைத் திருத்துதலே போதுமாயிற்று. வழியின் கொள்திறனைப் பங்கிட்டளிக்கும் தலைமை எதுவும் இல்லை. எனினும், மெல்லக் கூட்டி விரைந்து குறைக்கும் நெறியைப் பலரும் பின்பற்றின் பங்கு படிப்படியே சமமாகும் என்பதனைச் சியூ, ஜெயின் என்னும் இருவர் 1989இல் கணிதவழி நிறுவினர். மிகுதியாகக் கொண்டவன் பாதியாகக் குறைக்குங்கால் இழப்பதும் மிகுதி. கூட்டும்போது அனைவர்க்கும் ஒன்றே. புதிதாக வருவோனுக்கு அதனால் இடம் கிடைக்கின்றது. விரிதகைமை இதன்கண் உள்ளது.

குறையும் உண்டு. கம்பியில்லா வழியில் இரைச்சலாலும் பொதி கெடும். அதனை நெரிசல் எனப் பிறழவுணரும் கணினி வீணே தன் வேகத்தைத் தணிக்கும். வரிசை மிக நீளமாயின், இழப்பு நேருமுன்னரே காலத்தாழ்வு பெருகும். எனவே, பொதியைக் கைவிடாது அதன்மேல் நெரிசற்குறி இட்டனுப்பும் முறை 2001இல் ராமகிருஷ்ணன், சாலி பிளாய்டு, டேவிட் பிளாக் ஆகியோரால் வரையறுக்கப்பெற்றது. இழப்பை நோக்காது வழியின் கொள்திறனையும் சுற்றுக்காலத்தையும் அளந்து செல்லும் முறையொன்றைக் கூகுள் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்டனர். பழைய நெறியைப் பின்பற்றும் கணினிகளோடு ஒரே வழியிற் செல்லுங்கால் இப்புதுமுறை தனக்குரிய பங்கினும் மிகுதியாகக் கொள்ளும் இடங்களும் உள என ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆதலின் சமப்பங்கு பற்றிய வினா இன்றும் ஆய்வுக்குரியதாகவே நிற்கின்றது.